ஊரிலிருந்து வந்த பாடப்புத்தகம்

என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் சிலர் பள்ளிக்கூட அதிபர்தான் அவளைத் துரத்திவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த மனிதர் பாவம். அவர் செய்ததெல்லாம் என்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னது மட்டும்தான்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்தே வலிப்பு இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் மாதத்துக்கு ஒரு தடவை வரும், தவறவிட்டால் அடிக்கடி வரும். அன்றைக்கு வகுப்பறையிலேயே விழுந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர்கள் கையில் இரும்பைக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகளுக்குச் சாவி எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. உடைந்த அலுமாரியிலிருந்து துருப்பிடித்த கீல் ஒன்றைப் பிடுங்கி, அவள் கையில் வைத்து, நாலு பேர் சேர்ந்து விரல்களை மூடி அழுத்தியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். உள்ளங்கை கிழிந்து மூன்று தையல் போட வேண்டி வந்தது.

தையலைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் அவளைக் கண்டதும் ஒரு ஆணியையோ கம்பியையோ தூக்கிக் காட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். ஒரு காலையில் நேரே வகுப்புக்குப் போய் அவளையும் பையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதிபர் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. பேசிக்கிருவோம்."

"எம்புள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்துக்குவேன் சார்."

சொல்வது எளிது. நான் யார், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொம்பளை. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரச் சோதனையில், ஓ லெவல் என்பார்களே அதில், கணிதத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவள். கணவர் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். போனில் கேட்டபோது, "ஒனக்குத் தெரியாததா, நீ பாத்துக்க" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் எந்தப் புத்தகத்தை எடுப்பது, எதை முதலில் நடத்துவது என்று சொல்லித்தர எங்கள் மலையில் ஆள் கிடையாது. முதல் இரண்டு மாதம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெண்ணின் பள்ளிக்கூடப் புத்தகங்களை இரவல் வாங்கி நடத்தினேன். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற புத்தகங்கள்தான். முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். என்னை மூன்று தடவை கவிழ்த்த பாடம் அதே முகத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரு பத்தியை நாலு தடவை வாசித்தும் எனக்கே விளங்கவில்லை என்றால் அவளுக்கு எப்படி விளக்குவது? குற்றம் புத்தகத்தில் இல்லை, என்னிடம்தான் இருந்தது. அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது. எங்களுக்கு ஊர் என்றால் இந்தியா. நாலு தலைமுறையாக இலங்கையில் இந்த மலையிலேயே பிறந்து செத்தும் அந்தப் பேச்சு இன்னும் மாறவில்லை. என் கணவரின் அத்தை குடும்பம் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது கப்பலேறித் திருச்சிப் பக்கம் போனவர்கள். அத்தை மகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ஏன் அக்கா கவலப்படுறீங்க, இங்க புத்தகம் கொட்டிக் கெடக்கு, நான் அனுப்புறேன்" என்றார்.

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம், சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போய் வருவார். சேலைப் பொதியோடு சேர்த்து அவர்தான் அந்தப் பார்சலைக் கொண்டு வந்து கொடுத்தார். கடையிலேயே பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. போனைக் காட்டினால் அந்தப் பாடம் வீடியோவாக ஓடும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நானா தம் மகளைச் சாதாரண தரச் சோதனைக்கு அனுப்பியவர். ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது அங்கத்த சிலபஸ்தானே தங்கச்சி. இங்க சோதனைக்குச் சரிவருமா?"

"படிப்புன்னா எல்லா எடத்துலயும் ஒண்ணுதானே நானா. ரெண்டும் ரெண்டும் அங்கயும் நாலுதான்."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். யாராவது எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னால் என் வாய் முந்திக்கொள்ளும். அது என் குணம். அந்தக் குணத்துக்கு என் மகள்தான் விலை கொடுத்தாள்.

அன்று மாலை காம்பராவுக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தாங்கி மேட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், முதல் கணக்கு வீடியோவைப் பார்த்தோம். அதில் வந்த டீச்சர் "வாங்க பிள்ளைகளா, இத எப்படிப் போடுறதுன்னு பாக்கலாம்" என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் வாயில் வருகிற அதே தமிழ். என் படிப்புக் காலம் முழுக்க அப்படி யாரும் எனக்கு ஒரு கணக்கையும் சொல்லித்தந்தது கிடையாது. மறுநாளே இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பகலில் மகள் என்னோடு பிள்ளைக் காம்பராவுக்கு வருவாள். தொட்டில்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் விரித்து உட்காருவாள். குழந்தைகள் தூங்கியதும் நானும் போய் உட்காருவேன். நான் முந்தின நாளே வீடியோவைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். பின்னம், விகிதம், சமன்பாடு எல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. இந்த வயதில் கணக்கு விளங்குகிறதே என்று ஒரு நாள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவளும் படித்தாள். சொன்னதைச் செய்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதிகம் பேச மாட்டாள். மாத்திரையும் தூக்கமும் ஒழுங்கானதில் வலிப்பு குறைந்துகொண்டே போய், பிந்திய இரண்டு வருடம் வரவே இல்லை. நான் எடுத்த முடிவு சரிதான் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு தடவை மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அம்மா, நமது மாநிலம்னு போட்டிருக்கு. நம்ம மாநிலம் எது?"

"அதெல்லாம் அவங்க ஊருக்குப் போட்டது. நீ படிச்சுக்கிட்டே போ."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். வருடா வருடம் சேலைப் பொதியோடு அடுத்த வகுப்புப் புத்தகங்கள் வந்தன. காவிரி எங்கே பிறக்கிறது, எந்த அணையில் தேங்குகிறது, எந்தப் பக்கம் பிரிகிறது என்று படம் போட்டுக் காட்டுவாள். சோழர்கள் ஏரி வெட்டியதை மூச்சு விடாமல் சொல்வாள். தாய்மார் குழந்தையை எடுக்க வரும்போது நான் வேண்டுமென்றே அவளிடம் ஏதாவது கேட்பேன். அவள் பதில் சொல்ல, அவர்கள் கூடையும் தோளுமாக நின்று ஆச்சரியப்படுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கால் ஊனமான மகள் இருந்தாள். அவளுக்கும் பள்ளிக்கூடம் எட்டாத தூரம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, எம்புள்ளைக்கு எந்தப் புக்கு வாங்கலாம்?" என்று கேட்டாள். எங்களிடமிருந்த ஏழாம் வகுப்புப் புத்தகங்களை ஒரு பையில் போட்டு அப்படியே தூக்கிக் கொடுத்தேன். பெரிய வாத்தியாரம்மா மாதிரி, எப்படி நடத்துவது என்று அரை மணி நேரம் புத்திமதியும் சொன்னேன்.

மகளுக்குப் பதினாறு முடிந்தது. கிராம சேவகரிடம் அலைந்து அடையாள அட்டை எடுத்தோம். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க முடிவு செய்தேன். சோதனைக்கு எட்டு மாதம் இருந்தது. கேள்வி எப்படி வரும் என்று பழகட்டும் என நினைத்து, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கடந்தகால வினாத்தாள்கள் வாங்கி வந்தேன். அதுவரை நான் ஒரு வினாத்தாளைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. யாராவது நம்புவார்களா? நாலு வருடம் படிப்பித்தவள், எந்தச் சோதனைக்குப் படிப்பிக்கிறோம் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கடிகாரத்துக்கு முன்னால் உட்கார வைத்து வரலாற்று வினாத்தாளைக் கொடுத்தேன். சுலபமான பாடத்தில் ஆரம்பித்தால் தைரியம் வரும் என்பது என் கணக்கு. நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பேனா ஓடும் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலங்கை வரைபடம் ஒன்றைக் கொடுத்து, அதில் சில இடங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். பழைய ராஜதானிகள், குளங்கள், துறைமுகங்கள். அவள் ஒன்றையும் குறிக்கவில்லை. பட்டியலில் இல்லாத ஒரே ஒரு இடத்தைத் தானாகவே குறித்திருந்தாள். பதுளை. அதையும் கிழக்கே, கடலோரத்தில் போட்டிருந்தாள்.

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். காவிரியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவள். எங்கள் மலைக்குக் கீழே ஓடும் பதுளை ஓயா மகாவலியில் போய்ச் சேருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. பிறந்த இடம் மலையா கடலா என்பதைக்கூடத் தாளில் காட்டத் தெரியாத பிள்ளையாக அவளை வளர்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அரிசிச் சுளகை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன்.

மற்றத் தாள்களையும் பார்த்தோம். கணிதத்தில் பாதி தெரிந்தது, பாதி அவள் தொட்டே பார்க்காத பாடம். விஞ்ஞானத்தில் அவள் படித்த பொருட்களுக்கெல்லாம் இங்கே வேறு பெயர், அளவும் ஒழுங்கும் வேறு. அவள் ஒன்றும் படிக்காமல் இருக்கவில்லை. ஏராளமாகப் படித்திருந்தாள். அதில் எதையும் இங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

வெட்கத்தை விட்டு, நான் கோபித்துக்கொண்டு வந்த அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதே அதிபர். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், சாமான் அறையைத் திறந்து, ஏழாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரைக்கும் புத்தகங்கள் முழுவதையும் மேசையில் அடுக்கினார்.

"வருஷா வருஷம் மிஞ்சுதும்மா. அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அந்தப் புத்தகக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வந்தேன். வழியில் கொழுந்துப் பெண்கள் விசாரித்தார்கள். நான் நிற்காமல் நடந்தேன்.

எட்டு மாதத்தில் ஐந்து வருடத்துப் பாடத்தை அவள் தலைக்குள் திணிக்கப் பார்த்தேன். திணித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுப்புவேன். சாப்பிடும்போது ராஜாக்களின் வரிசையைக் கேட்பேன். நாலாவது வாரத்தில் வலிப்பு திரும்பி வந்தது. இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதது, வரலாற்றுப் புத்தகம் மடியில் கிடக்க, பாயிலேயே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தூக்கத்தக் கெடுக்காதீங்க, அதுதான் இவளுக்கு மருந்து" என்று தெளிவாகச் சொன்னார். இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி எழுப்பினேன். தப்பென்று தெரியும். ஆனாலும் செய்தேன். நான் செய்த தவறைச் சரிக்கட்டும் அவசரத்தில் அவள் உடம்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த எட்டு மாதத்தில் பதினோரு தடவை விழுந்தாள். ஒரு தடவைகூட "போதும்மா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

சோதனை நாட்களில் பதுளைக்குக் காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாளும் விழவில்லை. எல்லாத் தாளும் எழுதினாள். மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது எப்படி என்று கேட்டால், "எழுதினேம்மா" என்பாள்.

பெறுபேறு வந்த அன்று தண்ணீர்த் தாங்கி மேட்டில் நின்று போனில் பார்த்தோம். தமிழுக்கு ஏ. சைவநெறிக்கு சி. ஆங்கிலத்துக்கு எஸ், வெறும் பாஸ். மற்ற எல்லாவற்றுக்கும் டபிள்யூ, அதாவது பெயில். என்னைக் கவிழ்த்த கணிதம் அவளையும் கவிழ்த்திருந்தது. அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தை மூடி, திரும்பக் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான்தான் அழுதேன்.

"அடுத்த தடவ எழுதலாம்மா. இப்பதான் எல்லாப் புக்கும் இருக்கே" என்றேன்.

"இல்லம்மா."

அந்த ஒரு வார்த்தையோடு மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். நான் ஒரு மாதம் கெஞ்சினேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தேன், அவளுடைய அப்பாவை வரவழைத்தேன். அவர் வந்து, கடையில் வாங்கி வந்த பிஸ்கட்டை அவளிடம் கொடுத்து, "புள்ளயப் போட்டு நச்சரிக்காத" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழ் லயத்துப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். கால் ஊனமான அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து நான் கொடுத்த புத்தகத்திலிருந்து படம் பார்த்து வரைந்துகொண்டிருந்தது. "அந்தப் புக்கெல்லாம் இங்க சரிவராது, குடுத்துரு, நான் வேற வாங்கித் தாறேன்" என்றேன். அந்தப் பெண் முகம் சுருங்கிவிட்டது. நான் கொடுத்ததைப் பறிக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். "புள்ள விட மாட்டேங்குதுக்கா, படுக்கும்போதுகூட பக்கத்துலதான் வச்சிருக்கு" என்றாள். அதிபர் கொடுத்த புத்தகக் கட்டிலிருந்து சிலவற்றைக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பார்த்தபோது அவை கட்டின கயிறு அவிழாமல் அடுப்படி மூலையில் இருந்தன.

போன மாதம் மகள் தானாகவே வேலைக்குப் பெயர் பதிய வேண்டும் என்றாள். மலைச் சரிவில் கொழுந்தெடுக்க அவளை விட முடியாது. நாற்றுமேடையில் தேயிலைக் கன்றுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை இருந்தது, நிழலில் உட்கார்ந்தபடி செய்யலாம். பெரிய கங்காணியிடம் சொல்லி அதற்கு ஏற்பாடு செய்தேன். தோட்டத்து ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். கிளாக்கர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண் எல்லாம் கேட்டு எழுதினார்.

"எத்தனாங் கிளாஸ் வரைக்கும் படிச்ச?"

"ஏழு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லைங்க சார், அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் வீட்ல படிச்சா. ஓ லெவல் எழுதி மூணு பாடம் பாஸ் பண்ணியிருக்கா" என்றேன்.

கிளாக்கர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கோபமாகவும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வோமே, அந்த மாதிரிக் குரலில் சொன்னாள்.

"அது எங்கம்மா படிச்சது சார். நான் படிச்சது ஏழு."

அவர் ஏழு என்று எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் பொய் இல்லை.